'கேஷ்' காசிலிருந்து வந்ததா? ஆங்கிலச் சொற்களின் பிறப்பைக் கண்டறியும் முறை

'ஒன்' என்பது நம் ஒன்றுதான், 'எய்ட்' நம் எட்டுதான், 'கேஷ்' நம் காசுதான் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து, பகட்டானது என்று பொருள்படும் 'பாஷ்' கப்பல் டிக்கெட்டில் குத்திய முத்திரை என்று ஆங்கிலத்திலேயே இன்னொரு பட்டியல் உலவுகிறது. இவற்றில் பெரும்பாலானவை தவறு. சில பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைகளுக்குப் பின்னால்தான் நல்ல கதைகள் மறைந்திருக்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க மொழியியல் பட்டம் தேவையில்லை. சில கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முகச்சாயல் உறவுக்குச் சான்று ஆகாது

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் சித்தப்பாவை உரித்து வைத்தாற்போல இருக்கலாம். அதனால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். சொந்தம் என்று நிறுவ வேண்டுமானால் அவருடைய தகப்பனார் யார், பாட்டனார் யார் என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னே போய், இரு குடும்பங்களும் ஓரிடத்தில் சேர்வதைக் காட்ட வேண்டும். உடன்பிறந்த இருவர் கொஞ்சமும் சாயல் ஒட்டாமல் இருப்பதும் உண்டு.

சொற்களுக்கும் இதே கதைதான். ஒரு சொல் இன்றைய வடிவத்துக்கு முன் எப்படி ஒலித்தது, என்ன பொருளில் வழங்கியது, எந்த மொழியின் வழியாக வந்தது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று காட்டும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். இதில் 'படிப்படியாக' என்பதுதான் முக்கியம். இன்றைய வடிவத்திலிருந்து ஒரே தாவலில் மூலத்துக்குப் போகும் விளக்கம் எதையும் நம்பாமல் இருப்பது நல்லது.

'நைஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் 'நீஸ்' ஆகி, முட்டாள் என்ற பொருளில் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு எதிலும் குறை காண்பவன், அதன்பின் நுணுக்கமானது, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது என்று பொருள் நகர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. அறியாமைக்கும் இனிமைக்கும் நேரடியாக எந்தத் தொடர்பும் தெரியாது. நடுவில் உள்ள படிகள்தான் இரண்டையும் சேர்க்கின்றன.

இந்தப் படிகளுக்குக் காலம் குறிக்க உதவுவது முதற்பதிவு. ஒரு சொல் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படும் இடமும் ஆண்டும் அது. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் திட்டமாகத் தொடங்கி, 1884இல் முதல் பகுதி வெளியாகி, 1928இல்தான் முழுமை பெற்றது. தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அப்படிக் குவிந்த பல லட்சம் சீட்டுகளின் மேல் எழுந்த அகராதி அது.

முதற்பதிவு ஒரு சொல்லின் பிறந்த நாள் ஆகாது. எழுத்தில் ஏறுவதற்கு முன் அது பேச்சில் வெகுகாலம் இருந்திருக்கலாம். ஆனால் பொய்க்கதையை உடைக்க அது கூர்மையான கருவி. 'குவிஸ்' என்ற சொல்லை டப்ளின் நாடக அரங்க உரிமையாளர் ஒருவர் பந்தயத்துக்காக ஒரே இரவில் ஊர்ச் சுவர்களில் எல்லாம் எழுதவைத்து உருவாக்கினார் என்று ஒரு கதை உண்டு. அது நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1791. சொல்லோ 'விசித்திரமான ஆள்' என்ற பொருளில் 1782லேயே பதிவாகியிருக்கிறது. கதை அத்தோடு முடிந்தது.

உறவு, கடன், தற்செயல்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரிச் சொல் இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று.

ஒரே தாய்மொழியிலிருந்து இரண்டும் பிரிந்து வந்திருக்கலாம். இப்படி உடன்பிறந்தவை இனச்சொற்கள். தமிழின் 'பால்', கன்னடத்தின் 'ஹாலு' இரண்டும் இனச்சொற்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து வரவில்லை. அல்லது ஒரு மொழி மற்றதிடம் வாங்கியிருக்கலாம். அது கடன்சொல். நாம் சொல்லும் 'சாவி' போர்ச்சுகீசியரிடம் வாங்கியது. மூன்றாவது, வெறும் தற்செயல். ஒரு மொழி பயன்படுத்தும் ஒலிகள் பெரும்பாலும் சில டஜன்தான். ஒவ்வொரு மொழியிலும் ஆயிரக்கணக்கான சொற்கள். எந்த இரு மொழிகளை எடுத்தாலும் ஒலியும் பொருளும் பொருந்தும் சொற்கள் சில கிடைத்தே தீரும்.

பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கில 'பேட்' என்பதும் கெட்டதுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஸ்பானிய 'முச்சோ', ஆங்கில 'மச்' இரண்டும் 'நிறைய' என்று பொருள்படும், தொடர்பில்லை. லத்தீன் 'தெயுஸ்', கிரேக்க 'தியோஸ்' இரண்டும் கடவுள். இத்தனைக்கும் இவை அண்டை மொழிகள். அவற்றுக்கும் தொடர்பில்லை.

தற்செயலை உறவிலிருந்து பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு சொற்களின் பழைய வடிவத்துக்குப் போங்கள். உண்மையான உறவு என்றால், பின்னே போகப் போக இரண்டும் நெருங்கும். தற்செயல் என்றால் விலகும்.

'எய்ட்', எட்டு இரண்டையும் இதில் வைத்துப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் அது 'எயஹ்தா'. எழுத்தில் இன்றும் நிற்கும், ஒலிக்காத 'ஜி-ஹெச்' அந்தத் தொண்டை ஒலியின் மிச்சம். ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஒக்தோ'. பின்னே போனால் நடுவில் 'க்' வலுக்கிறது. தமிழில் என்ன நடக்கிறது? எண்பது, எண்ணூறு, எண்திசை. எட்டின் உண்மையான அடிச்சொல் 'எண்'. கன்னடத்தில் இன்றும் 'எண்ட்டு' என்று அந்த 'ண்' தெளிவாகக் கேட்கிறது. ஒருபக்கம் 'ஒக்த்', மறுபக்கம் 'எண்ட்'. இன்று ஒட்டியிருப்பதுபோல் தோன்றும் இரண்டும் பின்னே போனதும் பிரிந்துவிட்டன.

'ஒன்' இன்னும் தெளிவு. பழைய ஆங்கிலத்தில் அது நெடிலோடு 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. 'வன்' என்று நாம் கேட்கும் உச்சரிப்பு இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அதற்கு முந்தைய உச்சரிப்பு 'அலோன்', 'ஒன்லி' ஆகிய சொற்களில் அப்படியே தங்கிவிட்டது. இரண்டும் 'ஒன்' சேர்ந்து உருவானவை. தமிழ் ஒன்றின் கூட்டாளிகளோ ஓர், ஒரு, ஒருவன்.

சுருக்கமாக: இன்றைய ஒலி ஒற்றுமை ஒரு தொடக்கக் கேள்வி மட்டுமே. பழைய வடிவங்களை வைத்துப் பார்த்த பிறகுதான் அது உறவா, கடனா, தற்செயலா என்று சொல்ல முடியும்.

ஒலி மாறுவதற்கும் ஒழுங்கு உண்டு

இனச்சொற்களை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பது இந்தத் துறையின் உயிர்நாடி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால், ஹாலு, பல், ஹல்லு, பத்து, ஹத்து, பூ, ஹூவு, பெயர், ஹெசரு, போ, ஹோகு. தமிழில் சொல் முதலில் 'ப' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் வந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். டஜன் கணக்கில் ஒரே சீராக வந்தால் அது விதி. ஒரு மொழியில் ஓர் ஒலி மாறும்போது, ஒரே மாதிரிச் சூழலில் அது வரும் எல்லாச் சொற்களிலும் மாறும் என்பதே ஒலிமாற்ற விதி.

ஆங்கிலத்துக்கும் லத்தீனுக்கும் நடுவே இப்படி ஒரு விதி உண்டு. 1822இல் ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் அதை ஒழுங்குபடுத்திக் காட்டினார். லத்தீனில் 'ப' உள்ள இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃப': 'பாத்தெர்', 'ஃபாதர்', 'பிஸ்கிஸ்', 'ஃபிஷ்'. 'த' உள்ள இடத்தில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த்': 'த்ரேஸ்', 'த்ரீ'. 'க' உள்ள இடத்தில் 'ஹ': 'கோர்னு', 'ஹார்ன்', 'கெந்தும்', 'ஹண்ட்ரட்', 'கானிஸ்', 'ஹவுண்ட்'.

லத்தீனில் 'ஹபேரே' என்றால் வைத்திருத்தல். ஆங்கில 'ஹேவ்' என்பதும் அதே. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, மொழிகளும் ஒரே குடும்பம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் விதிப்படி ஆங்கிலத்தின் 'ஹ' லத்தீனின் 'க'வுக்குத்தான் ஈடாக வர வேண்டும். அப்படிப் பார்த்தால் 'ஹேவ்' என்பதன் உடன்பிறப்பு 'கபேரே'. 'பற்றிப் பிடி' என்று பொருள். ஒத்திருக்கும் இரண்டும் அந்நியர். ஒத்திராத இரண்டும் ஒரு தாய் மக்கள்.

ஒலி மாற்றம் கடன்சொற்களின் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டும் 'தலைவன்' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல். இடைக்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அதன் முதல் ஒலியைச் 'ச்' என்று உச்சரித்தார்கள். அப்போது வாங்கியது 'சீஃப்'. பின்னர் பிரெஞ்சில் அந்த ஒலி 'ஷ்' ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வாங்கியபோது 'ஷெஃப்' ஆனது. அதனால் ஆங்கிலத்தில் 'சேர்', 'சேம்பர்' போல 'ச்' ஒலிப்பவை பழைய பிரெஞ்சுக் கடன் என்றும், 'மெஷின்', 'ஷாம்பெயின்' போல 'ஷ்' ஒலிப்பவை பிந்தியவை என்றும் பெரும்பாலும் கணிக்கலாம்.

தமிழிலிருந்து போனவை: வழியைக் காட்டினால்தான் கடன்

கடன் என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும் எங்கோ சந்தித்திருக்க வேண்டும். வணிகமோ, போரோ, மதமோ, ஆட்சியோ ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும். வாசல் தெரியும் இடங்களில் தமிழின் பங்கை எல்லா ஆங்கில அகராதிகளும் தயங்காமல் பதிவுசெய்திருக்கின்றன. 'கேட்டமரான்' கட்டுமரம், கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல் வருகிறது. 'மல்லிகடானி' மிளகுத் தண்ணீர், 1784இல் பதிவு. 'செரூட்' சுருட்டு, 17ஆம் நூற்றாண்டில் போனது.

இப்போது 'கேஷ்'. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு 'கேஷ்' இருந்தன. கையில் உள்ள ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு 'கெஸ்', இத்தாலிய 'காஸா' வழியாக வந்தது. அதன் மூலம் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'கப்ஸா'. பெட்டி என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஸ்' என்பதும் அதே வழியில் வந்த சொல். முதலில் 'கேஷ்' என்றாலும் பெட்டிதான். பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறிக்கத் தொடங்கியது.

இரண்டாவது 'கேஷ்' ஏறக்குறைய அதே காலத்தில் கிழக்கிலிருந்து போனது. தமிழ்க் கடற்கரையில் போர்ச்சுகீசியர் கேட்ட 'காசு' அவர்கள் வாயில் 'காய்ஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் 'கேஷ்' ஆனது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலேயர் அப்படி அழைத்தார்கள். நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கு நாணயச் சேகரிப்பாளர்கள் இன்றும் இந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, காசிலிருந்து போன 'கேஷ்' உண்மையாகவே உண்டு. கடையில் கொடுக்கும் 'கேஷ்' அதுவல்ல. இரண்டையும் தனித்தனிச் சொற்களாக அகராதி காட்டும். பட்டியல் எழுதுவோர் அந்த இரண்டாவது பதிவை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

'ஜிஞ்சர்' வேறு விதமான வியப்பு. பழைய ஆங்கிலத்தில் 'கிங்கிஃபெர்', லத்தீனில் 'சிங்கிபெர்', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', பாலி மொழியில் 'சிங்கிவேர'. சமஸ்கிருதத்தில் இது 'ச்ருங்கவேர'. கொம்பு போன்ற உடல் உடையது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பொருள், வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பின்னால் பொருத்திய விளக்கம் என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் முடிவு. அடியில் இருப்பது இஞ்சியும் வேரும் சேர்ந்த தென்னிந்தியச் சொல். இன்றைய இஞ்சியின் ஒலியும் 'ஜிஞ்சர்' ஒலியும் ஒத்திருப்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருந்தால் அது ஊகமாகவே நின்றிருக்கும். நறுமணப் பொருள் வணிகம் நடந்த பாதையில் ஒவ்வொரு மொழியிலும் ஒரு வடிவம் தங்கியிருப்பதுதான் அதை வரலாறாக்குகிறது.

'ஆரஞ்ச்' பயணமும் இப்படித்தான். ஸ்பானியத்தில் 'நராங்ஹா', அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்க்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அதற்கும் அடியில் திராவிடச் சொல் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது வலுவான கருத்து. நம் 'நாரத்தை' அதன் உறவு. முன்னால் இருந்த 'ந' எங்கே போனது என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலெழுத்துக் கதைகள்

ஒரு சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல்லுக்கு முதலெழுத்து என்று விளக்கம் கேட்டால் உடனே ஆண்டைப் பாருங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. 'ரேடார்', 'லேசர்' உண்மையான முதலெழுத்துச் சொற்கள். முதலாவது 1940 வாக்கில் உருவானது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சொல்லுக்கு இப்படி விளக்கம் வந்தால் அநேகமாகக் கட்டுக்கதை.

'நியூஸ்' என்பது 'புதியவை' என்ற பன்மை மட்டுமே. பிரெஞ்சிலும் 'புதியவை' என்பதுதான் செய்தியைக் குறிக்கும். பழைய எழுத்துக்கூட்டில் அந்தச் சொல்லில் இரண்டு 'இ' எழுத்துகள் இருந்தன. இரண்டு கிழக்கு எங்கிருந்து வரும்? 'கோல்ஃப்' என்பதைப் பெண்களுக்கு அனுமதியில்லை என்ற நான்கு சொற்களின் சுருக்கம் என்கிறார்கள். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்த சட்டத்திலேயே சொல் இருக்கிறது. மட்டையைக் குறிக்கும் டச்சு 'கோல்ஃப்' அதன் மூலமாக இருக்கக்கூடும். 'பாஷ்' என்பதற்கு, இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் செல்வந்தர் டிக்கெட்டில் முத்திரை குத்தினார்கள் என்று விளக்கம். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூடக் கிடைத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் அதே சொல் சிறு நாணயத்தையும், பகட்டாக உடுத்துபவனையும் குறித்தது.

விதிவிலக்காக நிற்பது 'ஓகே'. பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில் 1830களின் இறுதியில் வேடிக்கையாகச் சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதி, அவற்றைச் சுருக்கும் மோகம் இருந்தது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்ற தொடரைத் தவறான எழுத்துக்கூட்டில் எழுதி, அதைச் சுருக்கியது 'ஓ.கே.' 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அது அச்சானது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவருடைய ஊர்ப் பெயரால் வந்த 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரின் சுருக்கமாக அதை முழக்கமாக்கினார்கள். மற்ற வேடிக்கைச் சுருக்கங்கள் எல்லாம் செத்தன, இது பிழைத்தது. 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய இதழ்களைத் துழாவி இதை நிறுவினார். அதற்கு முன் 'ஓகே'வுக்குச் சொல்லப்பட்ட மூலங்கள் ஏராளம்.

காதில் விழுந்தபடி மாறிய சொற்கள்

தெரியாத சொல்லைக் காது தெரிந்த சொல்லாக்கிக் கேட்கும். அதை வாய் சொல்லும், பிறகு கை எழுதும். இப்படி மக்கள் வழக்கில் ஒரு சொல் பழகிய வேறொரு சொல்லின் உருவுக்கு வளைவதே வழக்குச் சொற்பிறப்பு. பொய்க்கதைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: பொய்க்கதை சொல்லைப் பற்றித் தவறாகப் பேசும், இது சொல்லையே மாற்றிவிடும்.

ஸ்பானிய 'குகராச்சா' 1624இல் ஜான் ஸ்மித் என்ற கடற்பயணியின் எழுத்தில் 'ககரூச்' என்று வருகிறது. அதில் ஆங்கிலேயர் தமக்குத் தெரிந்த 'காக்' என்ற சேவலையும் 'ரோச்' என்ற மீனையும் கேட்டார்கள். கரப்பான்பூச்சி 'காக்ரோச்' ஆனது. பிரெஞ்சு 'கிரெவீஸ்' என்பதன் கடைசி அசையில் மீனைக் கேட்டார்கள். நன்னீர் இறால் வகை ஒன்று 'கிரேஃபிஷ்' ஆனது. மணமகனைக் குறிக்கும் 'பிரைட்க்ரூம்' பழைய ஆங்கிலத்தில் 'ப்ரூட்குமா'. 'குமா' என்றால் ஆண். 'குமா' வழக்கொழிந்த பின், புரியாத அந்த இடத்தில் பணியாளைக் குறிக்கும் 'க்ரூம்' வந்து உட்கார்ந்துகொண்டது. 'நைட்மேர்' என்பதிலுள்ள 'மேர்' பெண்குதிரை என்று பலர் நினைக்கிறார்கள். அது தூங்குபவரின் நெஞ்சில் ஏறி அமுக்குவதாக நம்பப்பட்ட பேயின் பெயர்.

சொல் பிரியும் இடமே பிசகுவதும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்' என்று இரு வடிவம். 'அ நேப்ரன்' என்று சொன்னால் 'அன் ஏப்ரன்' என்றும் கேட்கும். அப்படித்தான் மேலங்கிக்கு முன் கட்டும் துணி 'நேப்ரன்' என்ற பெயரை இழந்தது; அதன் உறவான 'நேப்கின்' மட்டும் 'ந'வைக் காப்பாற்றிக்கொண்டது. பாம்பு வகை ஒன்றின் பெயரான 'ஆடர்' முன்பு 'நேட்ரெ'. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: கூடுதல் பெயர் என்ற பொருளுடைய 'அன் எக்நேம்', 'அ நிக்நேம்' ஆனது.

'ஆரஞ்ச்' முன்னிருந்த 'ந' இப்படி ஆங்கிலத்தில் உதிர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அது உதிர்ந்துவிட்டது. காரணம் ஒரே மாதிரியானது, நடந்த இடம் வேறு.

பழைய பொருளே உண்மைப் பொருளா?

இந்தத் துறையில் படித்தவர்களும் சறுக்கும் இடம் இதுதான். 'இந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன தெரியுமா?' என்று தொடங்கி மூலப்பொருளைச் சொல்வார்கள். மூலப்பொருள் என்பது பழைய பொருள், அவ்வளவே. சங்கப் பாடலில் நாற்றம் என்றால் நறுமணம். அதை நம்பி விருந்தாளியிடம் 'உங்களிடம் நல்ல நாற்றம் வருகிறது' என்று சொல்ல முடியாது. எண்ணெய் என்பது எள்ளின் நெய். அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தவறான சொல் என்று யாரும் ஒதுக்குவதில்லை.

ஆங்கிலத்தில் 'சில்லி' ஒருகாலத்தில் அருள்பெற்றவன் என்று பொருள்பட்டது. அருள்பெற்றவன் கள்ளமற்றவன் ஆனான், கள்ளமற்றவன் இரங்கத்தக்கவன் ஆனான், 16ஆம் நூற்றாண்டில் அசடன் ஆனான். அதன் ஜெர்மானிய இனச்சொல் 'செலிக்' இன்றும் அருள்பெற்றவன் என்ற பொருளிலேயே நிற்கிறது. 'கர்ல்' 1300 வாக்கில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் குறித்தது. 'மீட்' எந்த உணவையும் குறித்தது. இனிப்புப் பண்டத்துக்குரிய 'ஸ்வீட்மீட்' அந்தப் பொருளின் மிச்சம். 'டியர்' என்ற மான் எந்த விலங்காகவும் இருந்தது. 'மசில்' என்ற தசையின் மூலம் லத்தீனில் 'சுண்டெலி'. தோலுக்கடியில் தசை ஓடுவது எலி ஓடுவதுபோல் தெரிந்திருக்கிறது.

சுருக்கமாக: பொருள் விரியும், குறுகும், உயரும், தாழும். இன்று ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இன்று அதைப் பேசுவோர் முடிவுசெய்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் உள்ள அரிய சொற்கள்

மிகச் சில சொற்களுக்குத்தான் யார், எப்போது, ஏன் உருவாக்கினார் என்பது நாள் தேதியோடு தெரியும். 'செரெண்டிப்பிட்டி', தேடாமல் கிடைக்கும் நற்பேறு, அவற்றில் புகழ்பெற்றது. ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று எழுதிய கடிதத்தில் இதை உருவாக்கினார். செரெண்டிப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து எடுத்ததாக அவரே விளக்கினார். செரெண்டிப் என்பது இலங்கைக்குப் பாரசீக, அரபு உலகில் வழங்கிய பெயர்.

முதல் மழையில் காய்ந்த நிலம் எழுப்பும் வாசனைக்கு ஆங்கிலத்தில் 1964 வரை தனிச்சொல் இல்லை. நமக்கு மண்வாசனை எப்போதும் இருந்தது. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' பாறை. 'இகோர்' கடவுளரின் நாளங்களில் குருதிக்குப் பதில் ஓடும் திரவம்.

'டிஃபெனஸ்ட்ரேஷன்', ஒருவரைச் சன்னல் வழியாகத் தூக்கி எறிதல், 1618இல் பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் அப்படி எறியப்பட்ட நிகழ்ச்சியால் நிலைத்தது. லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' சன்னல். 'ஃப்ளாக்ஸினாஸினைஹிலிபிலிஃபிகேஷன்' ஆங்கிலத்தில் 29 எழுத்து நீளம். ஒன்றை மதிப்பற்றதென ஒதுக்குதல் என்று பொருள். பார்த்தால் மிரட்டும், பிரித்தால் எளிது: மயிர், துரும்பு, ஒன்றுமில்லாதது என்பவைபோல் அற்பத்தைக் குறிக்கும் நான்கு லத்தீன் சொற்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். நீளமான ஆங்கிலச் சொல் எதையும் இப்படித் துண்டு போட்டுப் பாருங்கள்.

பிறக்காமலே அகராதியில் ஏறிய சொல்லும் உண்டு. பேய்ச்சொல் என்பது யாரும் பேசாத, அச்சுப் பிழையால் மட்டும் உருவான சொல். 1934இல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியில் 'டோர்ட்' என்ற சொல்லுக்கு 'அடர்த்தி' என்று பொருள் இருந்தது. நடந்தது இதுதான்: அடர்த்தியின் சுருக்கம் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'அல்லது' என்பதற்குரிய 'ஆர்' இரண்டு 'டி'க்கும் நடுவில் ஒட்டிக்கொள்ள, முழுச்சொல்லாகிவிட்டது. 1939இல் அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர், இந்தச் சொல்லுக்குச் சொற்பிறப்பு எதுவும் கொடுக்கப்படவில்லையே என்று கவனித்தபோதுதான் பிழை வெளிப்பட்டது.

நீங்களே சோதிக்க

ஒரு விளக்கம் கையில் வந்தால் முதலில் நல்ல அகராதியில் அந்தச் சொல்லின் முதற்பதிவு ஆண்டைப் பாருங்கள். கதை அதற்குப் பிந்தியதானால் அங்கேயே நிறுத்தலாம். அடுத்து, பழைய வடிவமும் பழைய பொருளும் கதையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடன் என்றால் எந்த மொழி வழியாக, எந்தத் தொடர்பால் வந்தது என்று கேளுங்கள். உறவு என்றால் அதே ஒலிப் பொருத்தம் வேறு பத்துச் சொற்களிலாவது வருகிறதா என்று தேடுங்கள். அகராதியில் ஒரு வடிவத்தின் முன் நட்சத்திரக் குறி இருந்தால், அது எழுத்தில் கிடைத்ததல்ல, இனச்சொற்களை ஒப்பிட்டு மீட்டமைத்தது என்று பொருள். ஒரே எழுத்துக்கூட்டுக்கு 1, 2 என்று எண்ணிட்டுத் தனிப் பதிவுகள் இருந்தால் அவை வேறு வேறு சொற்கள், 'கேஷ்' போல. அகராதியின் எழுத்துக்கூட்டை மட்டும் நம்பியும் ஏமாறலாம்: தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'எஸ்', லத்தீன் 'இன்சுலா' வழியில் வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்துப் பின்னால் நுழைத்தது.

சில பதிவுகளில் 'மூலம் தெரியவில்லை' என்று மட்டும் இருக்கும். ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான சொற்களில் ஒன்றான 'டாக்' அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழக்கமான சொல் 'ஹுண்ட்'. 'டோக்கா' என்ற சொல் அந்தக் காலத்தின் இறுதியில் திடீரென்று தலைகாட்டி, 16ஆம் நூற்றாண்டுக்குள் மற்றதை ஓரங்கட்டிவிட்டது. அண்டை மொழிகளில் அதற்கு உடன்பிறப்பு இல்லை. ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபாரத்தில் நாய்க்கு 'டோக்' என்றுதான் சொல்வார்கள். மொழியியலாளர் டிக்சன் 1960களில் அதைப் பதிவுசெய்தபோது ஆங்கிலக் கடனோ என்று முதலில் எண்ணினார். பக்கத்து மொழிகளில் தேடியபோது அதன் பழைய வடிவம் 'குடக' என்று தெரிந்தது. ஒவ்வோர் ஒலியும் அந்த மொழியின் சொந்த விதிப்படி தேய்ந்து 'டோக்' ஆகியிருந்தது.